86 டெசிபல் ஸ்பீக்கருக்கு வால்வு ஆம்ப் சரிப்படுமா, டிரான்சிஸ்டரே போதுமா?

கேள்வி

அறை 14க்கு 12 அடி. உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர். ஸ்பீக்கர் இரண்டு வழி புக்‌ஷெல்ஃப், சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். பெட்டியில் 8 ஓம் என்று போட்டிருக்கிறது, ஆனால் இம்பிடன்ஸ் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடை) கிராஃப் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓமுக்கு இறங்குகிறது, 2 கிலோஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் (வூஃபரும் ட்வீட்டரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம்) பக்கம் 20 ஓமுக்கு ஏறுகிறது. கேட்பது அதிகமும் குரலும் வயலினும், அவ்வப்போது முழு ஆர்க்கெஸ்ட்ரா. கையில் உள்ள பழைய டிரான்சிஸ்டர் ஆம்பை மாற்ற வேண்டும். பட்டியலில் மூன்று: 300பி வால்வு (வெற்றிடக் குழாய்) சிங்கிள் எண்டட் (முழு அலையையும் ஒரே பக்கம் கையாள்வது) 8 வாட், இஎல்34 வால்வு புஷ்-புல் (வால்வுகள் ஜோடியாக எதிரெதிரே இயங்குவது) 35 வாட், கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டர் 100 வாட். வால்வில்தான் குரல் முன்னால் வந்து நிற்கும் என்கிறார்கள். எதை எடுப்பது? வால்வு என்றால் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில் 1

முதலில் வாட் கணக்கு. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86. வெட்டவெளியில் 3 மீட்டருக்கு 9.5 டெசிபல் போய்விடும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் 6 என்று வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டினால் காதுக்கு வருவது 83. இதன்மேல் 8 வாட் தருவது 9 டெசிபல், அதாவது 92. 35 வாட்டில் 98, 100 வாட்டில் 103. சராசரி 80 டெசிபலில் ஆர்க்கெஸ்ட்ரா ஓடினால் உச்சங்கள் அதற்கு மேல் 15 முதல் 20 வரை எகிறும். 300பி அங்கே மூச்சு வாங்கும். தனிக்குரலை மெதுவாகக் கேட்க 8 வாட் தாராளம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வாட்டைவிடப் பெரிய சிக்கல் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை. ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைப்பது) இல்லாத 300பி ஆம்புக்கு அது 3 ஓம் பக்கம் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் சிக்னலில் 7ல் 4 பங்குதான் ஸ்பீக்கருக்குப் போகும். 20 ஓம் இடத்தில் 23ல் 20 பங்கு. டெசிபலில் இது 3.6 வித்தியாசம். 200 ஹெர்ட்ஸைவிட 2 கிலோஹெர்ட்ஸ் அவ்வளவு தூக்கலாக வரும். "குரல் முன்னால் வந்து நிற்கிறது" என்பதில் பெரும்பங்கு இதுதான். ஈக்வலைசரில் அந்த இடத்தை ஏற்றியதற்குச் சமம். இஎல்34 புஷ்-புல்லில் ஃபீட்பேக் இருந்தால் 1 ஓம் என்று கொள்ளலாம், வித்தியாசம் 1.5 டெசிபல். டிரான்சிஸ்டரில் 0.05 ஓம், வித்தியாசம் 0.1கூட வராது.

இந்த ஸ்பீக்கரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் என் ஓட்டு டிரான்சிஸ்டருக்கு. 300பிதான் வேண்டுமென்றால் முதலில் 94 டெசிபலுக்கு மேல், இம்பிடன்ஸ் அதிகம் ஆடாத ஸ்பீக்கரைத் தேடுங்கள். ஆம்பை வாங்கிவிட்டு ஸ்பீக்கர் தேடுவது குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுகிற கதை.

பதில் 2

மேலே சொன்னதை எதுவும் வாங்காமலே சோதித்துவிடலாம். 2 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு போதும். இப்போதுள்ள டிரான்சிஸ்டர் ஆம்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் சிவப்பு வயரில் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச். சுவிட்சை மூடினால் வெறும் டிரான்சிஸ்டர், திறந்தால் 2 ஓம் வால்வு ஆம்புக்கு நெருக்கமான நிலை.

இதில் பலர் சறுக்கும் இடம் சத்த அளவு. ரெசிஸ்டர் சேர்ந்ததும் 8 ஓம் பகுதியில் 2 டெசிபல் குறையும். சத்தம் கூடுதலாக இருப்பதையே காது "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஸ்பீக்கர் முனையில் அளந்து, இரண்டு நிலையிலும் 1.00 வோல்ட்டுக்கு வால்யூமைத் திருத்துங்கள். 0.01 வோல்ட்டுக்கு மேல் விலகக் கூடாது. அதிக சத்தத்தில் நெடுநேரம் ஓட்டினால் ரெசிஸ்டர் கை சுடும். கம்பளத்தின் மேல் போடாதீர்கள்.

பாஸையும் கவனியுங்கள். பெட்டியின் அதிர்வு உச்சத்தில் இம்பிடன்ஸ் ஏறுவதால் அங்கேயும் சத்தம் தூக்கும், கூம்பின் மேல் ஆம்பின் பிடி தளரும். சிலருக்கு அது "நிறைவான பாஸ்", எனக்கு அது கொழகொழப்பு.

ஒரு கொசுறு: 1985ல் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் ஒரு வால்வு ஆம்பின் ஒலிக்கு ஏற்ப தன் டிரான்சிஸ்டர் ஆம்பை மாற்றியமைத்துக் காட்டினார்.

கேட்டவர்

ரெசிஸ்டர் வைத்தால் அதுவே வால்வு ஒலி ஆகிவிடுமா? டிஸ்டார்ஷன் (ஒலித் திரிபு) என்று ஒன்று சொல்கிறார்களே? பராமரிப்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 3

முழுசாக ஆகாது. சிங்கிள் எண்டட் வால்வில் இரண்டாம் ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் இரட்டிப்பில் சேரும் திரிபு) தலைதூக்கி இருக்கும். அது அடிப்படைச் சுருதியின் மேல் ஸ்தாயி என்பதால் உறுத்தாது, குரலைக் கொஞ்சம் தடிமனாக்கும். புஷ்-புல்லில் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இரண்டாம் ஹார்மோனிக் பெருமளவு மறைந்துவிடும். ஆகவே இஎல்34 புஷ்-புல்லில் அந்த "தேன்" கிடைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். வாட் தீரும்போது வால்வு வளைந்து கொடுக்கும், டிரான்சிஸ்டர் அலையின் உச்சியை வெட்டும். 100 வாட்டை வீட்டில் வெட்டும் அளவுக்கு ஓட்டப்போவதில்லையென்றால் அது பொருட்டில்லை.

பராமரிப்பில் முதல் வேலை பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்டைச் சரிசெய்வது. ஃபிக்ஸட் பயஸ் (கையால் சரிசெய்யும் வகை) ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். இஎல்34ன் பிளேட் (வால்வின் வெளித் தகடு) தாங்குவது 25 வாட். 70 சதவீதம் என்றால் 17.5. பிளேட் வோல்டேஜ் 430 என்றால் 17.5ஐ 430ஆல் வகுக்க, 40 மில்லிஆம்ப்சுக்குச் சற்று மேல். கேத்தோடில் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை) 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 0.41 வோல்ட். ஸ்க்ரீன் (வால்வின் இன்னொரு கிரிட்) கரண்டும் இதில் சேர்ந்தே காட்டும், அதனால் உண்மையான பிளேட் கரண்ட் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை, பாதுகாப்பான பக்கம்தான். அரை மணி நேரம் சூடானபின் பயஸ் திருகைத் திருப்புங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஜோடி வால்வுகளுக்குள் 2, 3 மில்லிஆம்ப்ஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் கோர் ஒருபக்கம் சாயும். உறுமலும் பாஸ் கலங்கலும் அதிலிருந்து வரும்.

பிளேட் சிவந்தால் உடனே அணையுங்கள். அந்த வால்வையும் பக்கத்து வால்வையும் இடம் மாற்றுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு போச்சு. சாக்கெட்டிலேயே நின்றால் கப்ளிங் கெபாசிட்டர் (முந்தைய கட்டத்தின் டிசியைத் தடுப்பது) கசிகிறது, அல்லது பயஸ் பாட் (அந்தத் திருகு) தொடர்பு விட்டிருக்கிறது. அந்த வால்வை மட்டும் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 5ஆம் பின்னை (பயஸ் வோல்டேஜ் வரும் முனை) சேஸிஸோடு (ஆம்பின் உலோகச் சட்டம்) அளங்கள். மற்ற சாக்கெட்டுகளில் மைனஸ் 38 வோல்ட் என்று காட்டி இதில் மட்டும் மைனஸ் 20 என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, ஆளைக் கொல்லும். பழக்கமில்லாதவர் அடிமூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பால் முதலில் சேஸிஸிலும் பிறகு பாசிட்டிவிலும் மாட்டி, மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டும்வரை காத்திருங்கள்.

ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பில் பாட்டு போடவே கூடாது. லோடு இல்லாதபோது ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி சாக்கெட்டில் பொறி பறக்கும், சுற்று எரியும். டிரான்சிஸ்டருக்கு நேர்மாறு: ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கவலையில்லை, வயர் ஒன்றோடொன்று தொட்டால் ஆபத்து.

பதில் 4

முதல் பதிலோடு பாதி உடன்பாடு. இஎல்34ஐ அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். ஸ்பீக்கரை 8 ஓம் டேப்பிலிருந்து (ஆம்பின் பின்பக்க ஸ்பீக்கர் முனை) 4 ஓம் டேப்புக்கு மாற்றினால் அவுட்புட் இம்பிடன்ஸ் பாதியாகும்; 1.5 டெசிபல் வித்தியாசம் 0.8க்கு வந்துவிடும். அதிகபட்ச வாட் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சூட்டை மட்டும் யோசியுங்கள். நான்கு இஎல்34க்கு ஹீட்டரே 38 வாட், பிளேட்டுகளில் 70 வாட். மற்றதெல்லாம் சேர்த்தால் பாட்டே ஓடாதபோதும் 130 வாட்டுக்கு மேல் அறைக்குள் இறங்கும்.

டிரான்சிஸ்டரைப் பழையதாக வாங்கினால் ஸ்பீக்கரை மாட்டுமுன் அவுட்புட் முனையில் டிசி வோல்டேஜ் அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளை முழுதும் ஸ்பீக்கர் சுருளில் பாயும், ப்ரொடெக்‌ஷன் ரிலே வேலை செய்யாவிட்டால் வூஃபர் கருகும். ஒரு சேனல் மெல்லிய சத்தத்தில் கரகரத்து, வால்யூமை ஒருமுறை ஏற்றி இறக்கியதும் சரியானால் ரிலே முனைகள் கறுத்திருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே காயில் வோல்டேஜ், அதே ஆம்பியர் ரிலேயைப் புதிதாக மாட்டுவதே மேல்.