காலிக் குடத்தைத் தூக்கினால் கை ஏன் எகிறுகிறது?

ராயபுரத்தான்: லாரித் தண்ணீர் பிடித்து வைத்த குடம் என்று நினைத்துத் தூக்கினேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை, குடம் நேராக முகவாயில் இடித்தது. ஏன் இப்படி?

பேட்டை பிசியோ: பழைய அனுபவத்தை வைத்து மூளை முன்கூட்டியே பலத்தைக் கணக்குப் போட்டுவிடும் அண்ணா. விரல்களும் அப்படித்தான், டம்ளரைத் தொடுவதற்கு முன்பே, பாதி வழி தாண்டியதும் அதைவிட அகலமாக விரிந்து, அப்புறம் குவியும்.

காசிமேட்டுக்காரன்: வஞ்சிரம் வழுக்கும்போது பிடி தானாக இறுகுதே, அது?

பேட்டை பிசியோ: விரல்நுனி நரம்புகள் சறுக்கலை உணர்ந்ததும், சுமார் 0.1 நொடிக்குள், நீங்கள் யோசித்து முடிப்பதற்கு முன்பே இறுகிவிடும். 1984-இல் ஸ்வீடனில் யோஹான்சன், வெஸ்ட்லிங் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். வழுக்காமலிருக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக அழுத்துகிறோம்.

காசிமேட்டுக்காரன்: சரி, ஐஸில் கை மரத்துப்போனால் மீனை நசுக்கிவிடுகிறேனே?

பேட்டை பிசியோ: உணர்வு குறைந்தால் கை பயந்து அழுத்தும்!