விவேக் மரணமும் நியூஸ் கார்டும்: தலைப்பில் பொய் இல்லையென்றால் போதுமா?

கரிசல்மண்: 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்கும் தைரியம் வரட்டும் என்று கேமரா முன்னால் கோவாக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி விடியற்காலை போய்விட்டார். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த நியூஸ் கார்டுகளில் (சேனல்கள் படமும் தலைப்பும் வைத்துப் போடும் ஒற்றைப் பட அட்டை) தடுப்பூசியும் மாரடைப்பும் ஒரே வரியில் இருந்தன, ரத்தக்குழாயில் 100% அடைப்பு என்று மருத்துவர்கள் சொன்னது எதிலும் இல்லை. அடுத்த வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். அங்கே போட்டது இன்னொரு கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டு, ஒரு குப்பியில் 10 டோஸ், திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருந்தது. வந்ததோ ஏழு பேர். மீதி மூன்று பேருக்காக நர்ஸ் அக்கா வெயிலில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். என் அத்தை பதில் சொல்லாமல் ஃபோனில் அந்தக் கார்டை எடுத்துக் காட்டினார்.

டெஸ்க்காரன்: நான் அப்போது ஒரு சேனலின் டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்தேன். கார்டில் என்ன பொய்? அவர் ஊசி போட்டதை ஊரே டிவியில் பார்த்திருந்தது, அதை நாங்கள் விட்டிருந்தால் மறைக்கிறார்கள் என்று இன்னும் பெரிய வதந்தி கிளம்பியிருக்கும். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதைய தமிழகச் சுகாதாரத் துறைச் செயலர் ராதாகிருஷ்ணன் சொன்னதை லைவ் போட்டதும் நாங்கள்தானே?

கரிசல்மண்: லைவை என் அத்தை எங்கே பார்த்தார்? அவருக்கு வந்து சேர்ந்தது கார்டு மட்டும்தான். குழாயில் கொழுப்பு படிய வருஷக்கணக்காகும் என்று அதே கார்டில் ஒரு வரி சேர்க்க இடமில்லையா?

டெஸ்க்காரன்: காலையில் எங்களிடம் முழு விவரம் இல்லை சார். சம்பந்தமில்லை என்று நாங்களே தீர்ப்பு சொல்லிவிட்டு, பிறகு வேறு மாதிரி வந்திருந்தால்?

ஊர்நர்ஸ்: நானும் அந்த மாதிரி முகாம்களில் நின்றவள். மறைத்திருந்தால் இன்னும் மோசம், அதில் டெஸ்க்காரன் சொல்வது சரி. ஆனால் காரணம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்பதையும் அதே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாமே. அப்புறம், தடுப்பூசியால் வந்த மரணம் இல்லை என்று மத்திய அரசின் குழு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம்! அதுவரை வாசலில் நின்று பதில் சொன்னது நாங்கள். அக்டோபரில் அதே அளவு கார்டு போட்டீர்களா தம்பி?

டெஸ்க்காரன்: இணையதளத்தில் செய்தி போட்டோம் அக்கா. கார்டு போடவில்லை.