பிரசவ டேட் தாண்டியதும் வலி வர விளக்கெண்ணெய் குடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தேனி மருமகள்:

மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள். ஆனாலும் அந்த ராத்திரி மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். டேட் தாண்டிவிட்டது, தலை இறங்கவில்லை. திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகுங்கள், வலி வரவைக்க ஜெல் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெல் வைத்தால் கடைசியில் ஆபரேஷன்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். ஞாயிறு சாயங்காலம் அத்தை டம்ளரில் காபி கொண்டு வந்தார். மேலே எண்ணெய் வளையம் வளையமாக மிதந்தது. "கண்ண மூடிக்கிட்டு ஒரே மூச்சுல குடிச்சிரும்மா, விடியறதுக்குள்ள வலி எடுத்துரும்" என்றார்.

நடு ராத்திரியில் ஆரம்பித்தது. பாத்ரூமுக்குப் போவது, வந்து படுப்பது, மறுபடி எழுந்து ஓடுவது. ஒரு கட்டத்தில் வெளியே வரவே முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கால் இரண்டும் வெடவெடவென்று ஆடுகிறது, அடிவயிற்றை முறுக்கி முறுக்கி விடுகிறது. அது பேதி வலியா, பிரசவ வலியா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிள்ளை, எப்படித் தெரியும்? அத்தை கதவுக்கு வெளியே நின்று, "வலி இடுப்புல இருந்து முன்னாடி வருதா, வயித்துலயே நிக்குதா?" என்று விடாமல் கேட்கிறார். இங்கேயே பிள்ளை விழுந்துவிடுமோ என்று நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தை இன்னும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரி. கர்ப்பப்பை வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை என்றார்கள். நாக்கு வறண்டு, நாடி வேகமாக ஓடியதால் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு "ரசஞ்சோறுதான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் ஜெல் வைத்து சுகப்பிரசவம்தான், குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் வயிற்றுக்குள் என்ன போயிருக்கிறது என்று தெரியாமலேயே எனக்கு வைத்தியம் பார்த்தார்கள். அதுதான் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இதைக் குடித்து நிஜமாகவே வலி வந்ததா?

பொள்ளாச்சி அம்மா:

எனக்கு வந்தது. இரண்டாவது பையன் அப்படித்தான் பிறந்தான்.

எங்கள் அம்மாயி கடை எண்ணெயைத் தொடவே மாட்டார். ஆமணக்கு முத்தை வறுத்து, உரலில் போட்டு இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுப்பார். ஈரம் போக மறுபடி காய்ச்சி பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார். டேட் தாண்டியதும் சுக்குக் கஷாயத்தில் அதைக் கலந்து கையில் கொடுத்து, மறு கையில் கருப்பட்டித் துண்டோடு நின்றார். "குடி கண்ணு, நா இருக்கறன்ல." குடித்து முடித்தபோது உதட்டிலிருந்து தாடை வரை ஒரே பிசுக்கு. அம்மாயி தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். மதியம் வயிறு போனது. சாயங்காலம் பனிக்குடம் உடைந்தது. ராத்திரி பையன்.

தேனிக்காரரே, உங்கள் அத்தை காபியில் கொடுத்ததுதான் தப்பு. எண்ணெயும் சாமி விளக்குக்கு விற்கிற எண்ணெயாக இருந்திருக்கலாம். பக்குவம் தெரிந்தவர்கள் கொடுத்தால் ஒன்றும் ஆகாது.

சேலத்திலிருந்து:

பொள்ளாச்சி அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். டேட் தாண்டிய பிறகுதானே குடித்தீர்கள்? எண்ணெய் குடிக்காமல் இருந்திருந்தாலும் அந்த வலி வந்திருக்கும். டேட் அன்றைக்கே பிறக்கிற குழந்தைகள் நூற்றில் ஐந்து அளவுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதனால்தான் வலி வந்தது என்று தோன்றும். வலி வந்தவர்கள் ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். ராத்திரி பூராவும் பேதியில் கிடந்து ஒன்றும் நடக்காதவர்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. தேனிக்காரர் சொல்லியிருக்கிறார், அவரிடம் போய் காபி தப்பு, எண்ணெய் தப்பு என்கிறீர்கள். காபியில் ஊற்றினாலும் கஷாயத்தில் ஊற்றினாலும் குடலுக்குள் போவது அதே எண்ணெய்தான்.

என் தங்கைக்கும் கொடுத்தார்கள். பனிக்குடம் உடைந்தபோது நான் பக்கத்தில் நிற்கிறேன். டாக்டர் கையுறையை வெளியே எடுத்தார், விரல் நுனியெல்லாம் பச்சை. குழந்தை உள்ளேயே மலம் போய்விட்டது. டேட் தாண்டினால் எண்ணெய் குடிக்காதவர்களுக்கும் இப்படி ஆகும், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தை வெளியே வந்து அழாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இப்போது அவள் பையன் நன்றாக இருக்கிறான். அவள் மட்டும் விளக்கெண்ணெய் வாசம் வந்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

ஸ்டுட்கார்ட் தமிழ்ப்பெண்:

இங்கே ஜெர்மனியில் பிரசவம் பார்க்கிற மருத்துவிச்சிகளே இதைத் தருவார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? இதற்கு வேஹன்காக்டெயில் என்று பெயர். ஆமணக்கெண்ணெய், ஆப்ரிகாட் பழச்சாறு, பாதாம் விழுது, வெர்பேனா என்கிற எலுமிச்சை வாசமுள்ள ஒரு மூலிகை, எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் அடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவோடு வாட்ஸ்அப்பில் கதைத்தபோது, "உது அம்மம்மா தந்த எண்ணெய்தானே பிள்ளை, உதுக்கு ஏன் பழச்சாறு?" என்று கேட்டார்.

ஆனால் எனக்கு வீட்டில் வைத்துத் தரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், வயிற்றில் பட்டி கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பு கொஞ்ச நேரம் பேப்பரில் ஓடி, அதைப் பார்த்த பிறகுதான் கிளாஸைக் கையில் தந்தார்கள். சில மணித்தியாலத்தில் வலி தொடங்கியது. ஆனால் மற்றவர்கள் சொல்கிற மாதிரி விட்டு விட்டு வரவில்லை. ஒன்று முடிய முன்னமே அடுத்தது வந்துவிட்டது, மூச்சு வாங்க இடைவெளி இல்லை. மருத்துவிச்சி என் முகத்தைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கோடு கீழே இறங்கியதும் என்னை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார், கோடு திரும்ப ஏறியது. இதே கோடு வீட்டில் இறங்கியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பொள்ளாச்சி அக்கா பக்குவம் என்று சொன்னதைப் பார்த்ததும் அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

மதுரை பெரியம்மா:

எல்லோரும் சேர்ந்து மாமியாரைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். நான் பிள்ளை பெற்ற 1980களில் பெரிய ஆஸ்பத்திரியிலேயே லேபர் வார்டுக்குள் போனதும் முதல் வேலை சோப்புத் தண்ணி எனிமாதான். வயிறு காலியாக இருந்தால் பிள்ளை சுலபமாக இறங்கும் என்று அவர்களே சொன்னார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வரிசையில் நின்று பக்கெட் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினோம், எனக்கு முன்னால் நின்ற பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அதை விட்டுவிட்டார்கள். அவர்கள் செய்தால் வைத்தியம், வீட்டில் செய்தால் மூடத்தனமா?

இனிமேல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாசத்தில் வலி வந்ததும் பதறக் கூடாது. வெறும் சட்டியில் சீரகத்தைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிப் பொங்கவிட்டு, கருப்பட்டி போட்டு சூடாகக் குடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் வலி அடங்கினால் அது சூட்டு வலி. அடங்காமல் கூடிக்கொண்டே போனால் பிரசவ வலி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். விளக்கெண்ணெயை உள்ளங்காலிலும் தொப்புளிலும் தடவுங்கள், சூடு இறங்கும், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. குடிப்பதென்றால் மாசம் முழுசாக நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் மாசத்தில் மலச்சிக்கல் என்று ஒருத்தி குடித்தாள், எங்கள் தெருவில் அன்றைக்கு நடந்த கூத்தை நான் மறக்கவே மாட்டேன். காலையிலும் மாலையிலும் நடங்கள். குனிந்து நிமிர்ந்து வீடு பெருக்குங்கள். பேரீச்சை தினமும் சாப்பிடுங்கள். ராத்திரி ரசத்தில் மிளகு கூடப் போடுங்கள். கட்டிலில் இருந்து எழும்போது ஒருக்களித்து எழுந்திருங்கள். பயந்துகொண்டே இருந்தால் வலி வந்தாலும் நின்றுவிடும், என் இரண்டாவது மகளுக்கு அப்படித்தான் ஆனது, ஆட்டோவில் ஏறியதும் வலி நின்று திரும்பி வந்தோம்.

லேபர் வார்டு நர்ஸ்:

பெரியம்மா, எனிமா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். நாங்களும் கொடுத்தோம். எல்லோருக்கும் வழக்கமாக எனிமா கொடுக்கத் தேவையில்லை, நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1996லேயே சொன்னது. பேரீச்சைக்கும் நான் எதிரி இல்லை. ஜோர்டானில் நடந்த ஓர் ஆய்வு 2011ல் வந்தது. கடைசி நான்கு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்டவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே கர்ப்பப்பை வாய் கூடுதலாகத் திறந்திருந்தது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சீரகத் தண்ணீரும் சரி. ஆனால் பனிக்குடம் உடைந்திருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ அந்த அரை மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

சேலத்துக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. இந்த எண்ணெய் ஒன்றுமே செய்யாது என்று சொல்ல முடியாது. குடலுக்குள் போனதும் அதிலிருந்து ரிசினோலிக் அமிலம் பிரிகிறது. குடல் தசையை முறுக்கவைக்கிற ஏற்பி, அதாவது தசைக்கு வரும் சேதியை வாங்குகிற புரதம், கர்ப்பப்பைத் தசையிலும் இருக்கிறது, இந்த அமிலம் இரண்டையும் தூண்டுகிறது என்று 2012ல் ஜெர்மனியில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 2013ல் காக்ரேன் தொகுப்பு, அதாவது பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற அறிக்கை, மூன்று ஆய்வுகளை, மொத்தம் 233 பெண்களை வைத்துப் பார்த்தது. வலியை வரவழைக்கும் என்று உறுதி சொல்ல அது போதவில்லை. ஆனால் குடித்தவர்கள் அத்தனை பேருக்கும் குமட்டல். 2018ல் வந்த இஸ்ரேல் ஆய்வில் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்குப் பலன் தெரிந்தது, முதல் பிரசவக்காரர்களுக்குத் தெரியவில்லை. தேனிக்காரருக்கு முதல் பிள்ளை, பொள்ளாச்சி அம்மாவுக்கு இரண்டாவது. நீங்கள் இரண்டு பேரும் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான்.

நான் எழுத வந்தது வேறு. ஒரு பெண் உதடு வெடித்து, கண் உள்ளே போய் வந்தாள். குனிந்து பி.பி. பட்டையைச் சுற்றும்போது மூச்சில் விளக்கெண்ணெய் வாசம். கேட்டால் அம்மா, மாமியார், வீட்டுக்காரர் மூன்று பேரும் ஒரே குரலில் ஒன்றுமே கொடுக்கவில்லை என்கிறார்கள். நாங்கள் திட்டுவோம் என்ற பயம். அந்தப் பயத்துக்கு எங்கள் வார்டுகளும் காரணம்தான், அங்கே குரல் உயருவது எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணெய் வேலை செய்துகொண்டிருக்கும்போது மேலே ஜெல்லோ, வலி வரவைக்கிற ட்ரிப்போ போட்டால் கர்ப்பப்பை அளவுக்கு மீறி இறுகலாம், குழந்தைக்கு மூச்சு முட்டலாம். அந்தப் பெண்தான் கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதருகே "குடிச்சேன் சிஸ்டர்" என்றாள். உடனே டாக்டரிடம் சொன்னேன். ஜெல் தள்ளிப்போனது, குளுக்கோஸ் ஏற்றி, துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பொள்ளாச்சி அம்மா:

சிஸ்டர் இவ்வளவு பொறுமையாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அம்மாயி டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்கவில்லை, ஊர் நர்ஸம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். அதையும் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எண்ணெய் மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை.

விருதுநகர், 38 வாரம்:

எனக்கு முதல் பிள்ளை ஆபரேஷன். இந்தத் தடவை சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தை இப்போதே பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். பாசத்தில்தான் செய்கிறார், மறுபடி என் வயிற்றைக் கிழிக்கக் கூடாது என்று தினமும் கோயிலுக்குப் போகிறார். வேண்டாம் என்று அவர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?

லேபர் வார்டு நர்ஸ்:

கட்டாயம் குடிக்காதீர்கள். அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "வெளியில தெரியற தழும்பு மாதிரி கர்ப்பப்பையிலயும் ஒரு தையல் இருக்கு அத்தை. வலி ரொம்ப இழுத்தா அந்த இடம் விட்டுரும். ஆஸ்பத்திரி ட்ரிப்புன்னா இழுப்பு கூடினதும் மூடிருவாங்க. வயித்துக்குள்ள போன எண்ணெய யாராலயும் மூட முடியாது." அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். பாட்டில் வீணாகாது, உள்ளங்காலில் தடவிவிடச் சொல்லுங்கள்.