சீரியல்–எம்க்யூடிடி டீமன்: சென்சார் அமைதியாக இருந்தால் இணைப்பு போய்விடுகிறது

கம்பிவால்:
வெப்பநிலை சென்சார் போர்டு ஒன்று, யுஎஸ்பி சீரியல், வேகம் 9600 பாட். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்பும். அதைப் படித்து எம்க்யூடிடி (சிறு செய்திகளை அனுப்பும் நெறிமுறை) வழியாக பப்ளிஷ் செய்ய சி-யில் சின்ன டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், எழுதியிருக்கிறேன். முதல் வரி ஒழுங்காகப் போகிறது, அடுத்தது வருவதற்குள் இணைப்பு போய்விடுகிறது. டைம்அவுட் தாண்டியதால் துண்டித்ததாக மாஸ்கிட்டோ (செய்திகளை வாங்கி விநியோகிக்கும் புரோக்கர்) லாக் சொல்கிறது. கீப்அலைவ் (புரோக்கரிடம் எதுவும் பேசாமல் இருக்கக்கூடிய நேரம்) 60 வினாடி. இன்னொரு தொல்லை: 27.4 என்பது சில சமயம் 27 தனியாக, .4 தனியாக இரண்டு செய்தியாகப் போகிறது.

பச்சைவிளக்கு:
பாட் ரேட் இரண்டு பக்கமும் ஒன்றுதானா?

கம்பிவால்:
ஆமாம். அது தப்பாக இருந்தால் குப்பை எழுத்துகள்தானே வரும்?

நூல்கண்டு:
பாட் ரேட் இல்லை. போர்ட்டைப் படிக்கும் உங்கள் ரீட், வரி வரும்வரை அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் பிங் (‘இன்னும் இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி) அனுப்ப ஆளில்லை. கீப்அலைவைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 90 வினாடி பார்த்துவிட்டு புரோக்கர் வெட்டிவிடும். கனெக்ட் ஆனதும் மாஸ்கிட்டோ_லூப்_ஸ்டார்ட் கூப்பிடுங்கள்; அது தொடங்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) பிங்கைப் பார்த்துக்கொள்ளும்.

உடைந்த வரிக்குக் காரணம் வேறு. 9600-ல் ஒரு எழுத்து வர ஏறக்குறைய 1 மில்லிவினாடி ஆகும். ரா மோடில் (வரிவரியாகப் பிரிக்காத முறை) ரீட் அதுவரை வந்ததைக் கொடுத்துவிடும், முழு வரிக்காகக் காத்திருக்காது. பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், நியூலைன் கண்டபிறகு பப்ளிஷ் செய்யுங்கள். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது அடுத்த வரியின் தலை.

கம்பிவால்:
வரி சரியாகிவிட்டது. ஆனால் லூப்_ஸ்டார்ட் போட்டபின் முதல் வரிகூடப் போகவில்லை! பப்ளிஷ் பிழை எதுவும் தரவில்லை.

நூல்கண்டு:
பின்னணிக்குப் போக ஃபோர்க் (ப்ராசஸை நகலெடுத்துக் குழந்தை ப்ராசஸ் உருவாக்குவது) செய்கிறீர்களா? லூப்_ஸ்டார்ட்டுக்கு முன்பா, பின்பா?

கம்பிவால்:
பின்பு.

நூல்கண்டு:
அதுதான். ஃபோர்க் செய்தால் கூப்பிட்ட த்ரெட் மட்டும்தான் குழந்தை ப்ராசஸுக்கு வரும். லூப் த்ரெட் தாயோடு போய்விட்டது. செய்தி வரிசையில் உட்கார்ந்திருக்கும், எடுத்து அனுப்ப யாருமில்லை. முதலில் ஃபோர்க், அப்புறம் கனெக்ட், அப்புறம் லூப். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நடத்தும் நிரல்) இருந்தால் ஃபோர்க்கே வேண்டாம், முன்னணியில் ஓடவிடுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கம்பிவால்:
ஃபோர்க்கை எடுத்துவிட்டேன். அரை மணி நேரமாகத் துண்டிப்பு இல்லை. நன்றி. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் போர்ட் பெயர் 0-விலிருந்து 1-க்கு மாறுகிறதே?

பச்சைவிளக்கு:
டெவ் அடைவில் சீரியல், பை-ஐடி என்று போய்ப் பாருங்கள். போர்டின் பெயரிலேயே ஒரு இணைப்பு இருக்கும், அதைத் திறங்கள். பிடுங்கியதும் ரீட் 0 அல்லது பிழை தரும். போர்ட்டை மூடி, சற்றுப் பொறுத்து மறுபடி திறக்க வேண்டும்.