55 இஞ்ச் டிவி: கூடுதல் 30 ஆயிரத்துக்குத் தகுமா?

சேலம்வாசி:
ஹாலுக்கு இரண்டு டிவி பார்த்து வைத்திருக்கிறேன். கியூஎல்இடி, 60 ஹெர்ட்ஸ், 45 ஆயிரம். மினி எல்இடி, 120 ஹெர்ட்ஸ், டால்பி விஷன், 75 ஆயிரம். சோபா 9 அடி தள்ளி, டிவிக்கு எதிரே ஜன்னல். பகலில் டிடிஹெச்சில் சீரியல், கிரிக்கெட்; ராத்திரி ஓடிடியில் படம். கேம் கிடையாது. அந்த 30 ஆயிரம் தண்டமா?

பேனல்பித்தன்:
ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. 120 ஹெர்ட்ஸ் கிரிக்கெட்டுக்கு என்பார்கள். நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 50 படம்தான், 60 ஹெர்ட்ஸ் பேனலே (திரைப் பலகை) தாங்கும். 120 உதவுவது சினிமாவுக்கு. படம் நொடிக்கு 24 பிரேம். 60-இல் அது சமமாக வகுபடாது. ஒரு பிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று வருவதால், கேமரா மெல்லத் திரும்பும் காட்சி தடுக்கித் தடுக்கி நகரும். 120-இல் ஒவ்வொரு பிரேமும் சரியாக 5 முறை. ஆனால் அட்டைப்பெட்டியில் 'மோஷன் ரேட் 120' என்றிருந்தால் ஏமாறாதீர்கள், பேனல் பெரும்பாலும் 60-தான்.

உங்கள் ஹாலில் காசு போக வேண்டிய இடம் வெளிச்சம். கியூஎல்இடி என்பது நிறத்தைக் கூட்டும் ஒரு குவாண்டம் டாட் தாள், அவ்வளவுதான். கறுப்பு கறுப்பாகத் தெரிவது பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்கை, அதாவது பின்னொளியைப் பொறுத்தது. மினி எல்இடியில் அது பொடிப்பொடி விளக்குகளாக, பகுதி பகுதியாக மங்கும். 45 ஆயிரத்துக்கு வரும் கியூஎல்இடிகள் பெரும்பாலும் 300, 400 நிட்ஸில் (திரை வெளிச்சத்தின் அளவு) நின்றுவிடும். ஜன்னல் பிரதிபலிப்பு அதை விழுங்கிவிடும்.

ரிமோட்ராஜா:
மேலே சொன்னது சரி, ஆனால் மினி எல்இடி என்றதும் வாங்கிவிடாதீர்கள். எத்தனை டிம்மிங் ஸோன் (தனித்தனியாக மங்கும் பின்னொளிப் பகுதி) என்று கேளுங்கள். சில நூறாவது இல்லையென்றால் கறுப்புத் திரையில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றிப் புகைபோல ஒளி கசியும்.

டால்பி விஷன் ஒரு ஹெச்டிஆர் வகை, அதாவது இருட்டுக்கும் பளிச்சுக்கும் கூடுதல் வித்தியாசம் காட்டும் முறை. அது காட்சிக்குக் காட்சி வெளிச்ச அளவை மாற்றச் சொல்லும். சாதாரண ஹெச்டிஆர்10 முழுப் படத்துக்கும் ஒரே அளவு. 300 நிட்ஸ் பேனலில் அந்த ஸ்டிக்கர் வெறும் அலங்காரம். டிடிஹெச் சீரியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டம் எடுத்தால்தான் வரும். சாம்சங்கில் டால்பி விஷன் கிடையாது, அதேபோன்ற ஹெச்டிஆர்10 பிளஸ்தான்.

கடையில் டெமோ மோடை அணைக்கச் சொல்லி, 'விவிட்' விட்டு 'சினிமா' மோடுக்கு வாருங்கள். பென் டிரைவில் ஓர் இரவுக் காட்சி கொண்டுபோய்ப் போடுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்தில் உட்கார்ந்தால் வெளுக்கும். ஐபிஎஸ் அதற்கு நேர்மாறு.

சேலம்வாசி:
நன்றி. இன்னும் கொஞ்சம் சேர்த்து ஓஎல்இடி (பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிவி) போகலாமா?

பேனல்பித்தன்:
ராத்திரி மட்டும் பார்ப்பவருக்கு அதை அடிக்க ஆளில்லை. பகல் முழுக்கச் சீரியல் ஓடும் வீட்டில் சேனல் லோகோ நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியலாம். வேண்டாம்.

ரிமோட்ராஜா:
நான் 45 ஆயிரம் பக்கம்தான். ஜன்னலுக்குக் கனமான திரை, மிச்சத்தில் ஒரு சவுண்ட்பார். டிவி ஸ்பீக்கர் பெரும்பாலும் 20 வாட்தான், வசனமே புரியாது. ஓடிடியில் வரும் அட்மாஸ் என்ற சுற்றொலிக்குச் சாதாரண ஏஆர்சி போர்ட் (டிவி ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஹெச்டிஎம்ஐ போர்ட்) போதும். அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி தேவைப்படுவது புளூரே தட்டு போடுகிறவர்களுக்கு.

பேனல்பித்தன்:
பகலில் ஜன்னல் திரையை இழுத்துவிட வீட்டில் சம்மதித்தால் அதுவே சரி. இல்லையென்றால் மினி எல்இடி. எதை வாங்கினாலும், வெளியே 4கே பெட்டி செருகினால் அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டின் 'என்ஹான்ஸ்டு' அமைப்பை ஆன் செய்யுங்கள். பல டிவியில் அணைத்தே வரும், ஹெச்டிஆர் வராது.