தக்காளியில் பக்கக் கிளையைக் கிள்ளுவதா, விடுவதா?

மாடித்தோட்டக்காரி:
மாடியில் 12 பை தக்காளி. இலைக்கும் தண்டுக்கும் நடுவே கவட்டில் முளைக்கும் கிளையைச் சுண்டுவிரல் நீளம் வருவதற்குள் கிள்ளிவிடுவேன், விரலில் ஏறும் பச்சைக் கறை சோப்புக்கும் போகாது. செர்ரி தக்காளி ஆறடி தாண்டிக் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. பிகேஎம் 1 ரகத் தக்காளி மட்டும் முழங்கால் உயரத்தில் நின்று, செடிக்கு நாலே காய். சத்து பத்தவில்லை போல. மற்றபடி கிள்ளாமல் வளர்ப்பவர்கள் காய் சிறுத்துவிட்டது என்று புலம்பாதீர்கள்.

பாலக்கோட்டான்:
தங்கச்சி, சத்தெல்லாம் இருக்கிறது, காய்க்க வேண்டிய கிளையை நீங்களே கிள்ளிப் போட்டுவிட்டீர்கள். பிகேஎம் 1 குத்துச்செடி. பெரியகுளத்தில் அன்னஞ்சி என்கிற உள்ளூர்த் தக்காளியிலிருந்து எடுத்த ரகம். நடுத்தண்டு ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து நின்றுவிடும், அப்புறம் காய்ப்பெல்லாம் பக்கக் கிளையில்தான். 60 செ.மீ. வரிசை, 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 15,000 செடி, வாரா வாரம் குனிந்து கிள்ளக் கூலி யார் தருவது? கிள்ளுவதெல்லாம் பொழுது போகாதவர்கள் வேலை.

மாடித்தோட்டக்காரி:
கடைசி வரி தேவையா அண்ணா? பிகேஎம் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு செர்ரி செடியைக் கிள்ளாமல் விட்டுப் பார்த்தேன், கை நுழையாத புதராகி, ஒரு மழைக்கே அடியிலை எல்லாம் கருகல் புள்ளி. ஒற்றைத் தண்டில் காற்று போகிறது, பூச்சி வந்தால் அன்றைக்கே கண்ணில் படுகிறது.

ஓசூர்_குடில்:
ஆளுக்கொரு வகைச் செடியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அந்தச் செர்ரி மாதிரி உயர்ந்துகொண்டே போகும் ரகத்தை நாங்கள் பசுமைக்குடிலில் மேல்கம்பியில் கயிறு கட்டி ஒற்றைத் தண்டாக ஏற்றுவோம், இல்லையென்றால் முதல் பூங்கொத்துக்குக் கீழே ஒரு கிளையை விட்டு இரட்டைத் தண்டு. கிள்ளினால் காய் பருக்கும், எண்ணிக்கை குறையும், ஒரு செடியின் மொத்த எடை கூடிவிடாது. நெருக்கி நட்டுத்தான் அதை ஈடுகட்டுகிறோம். இன்னொன்று, பீடி சிகரெட் தொட்ட கையைக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள், புகையிலையிலிருந்து தேமல் நோய்க் கிருமி ஒட்டிக்கொள்ளும்.

பாலக்கோட்டான்:
குடிலுக்குள் எல்லாம் சரிதான். போன சித்திரையில் யாரோ சொன்னார்கள் என்று நானும் கால் ஏக்கர் வீரிய ரகத்தில் இலையை உருவினேன். நாலு நாள் வெயிலில் காயின் தோள் வெள்ளையாய் வெந்துபோய், மண்டியில் பாதிப் பெட்டியைக் கழித்துவிட்டார்கள். இலைதான் காய்க்குக் குடை. மண்ணை உரசும் அடியிலையை மட்டும் எடுங்கள், மழையில் மண் தெறித்துத்தான் கருகல் மேலே ஏறுகிறது.

மாடித்தோட்டக்காரி:
சரி, வெயில் காலத்தில் இலையைத் தொடவில்லை. ஆனால் செர்ரியில் கிள்ளுவதை விடமாட்டேன். அப்புறம், பிகேஎம்மில் கிள்ளிய கிளைகளை நிழலில் ஈர மண்ணில் செருகி வைத்திருந்தேன், பத்து நாளில் வேர் பிடித்து ஆறு தேறியிருக்கிறது. அந்த ஆறையாவது கிள்ளாமல் விடுகிறேன், போதுமா?