மறு: 'பொய் நேர்மறை' – மாற்றுச் சொல்

வணக்கம்.

> நிரலில் வழு (பிழை) தேடும் ஏஐ கருவிகள் தப்பாக எச்சரிக்கும் ஃபால்ஸ் பாசிடிவுக்குப் 'பொய் நேர்மறை' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. நிரலில் வழு இருக்கிறது என்பதை 'நேர்மறை' என்றால், புதிதாகப் படிப்பவர் ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொள்வார். தவிர, கருவி தப்பாகக் கைகாட்டுவதெல்லாம் ஒரே ரகமும் இல்லை.

'இந்த வரியில் சுட்டி (பாயின்டர்) வெற்றாக (நல்) இருக்கலாம்' என்று கருவி எச்சரிக்கும். அழைக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) அதை முன்பே சோதித்திருக்கும். கருவி அவ்வளவு தூரம் பார்த்திருக்காது. இதற்குப் 'பொய் வழு' போதும்.

நிரலில் இல்லவே இல்லாத செயற்கூற்றுக்குப் பெயர் சொல்லி, அங்கே நினைவகம் நிரம்பி வழிகிறது என்று மொழிமாதிரி (சாட்ஜிபிடி போன்ற ஏஐ) அறிக்கை எழுதுவது வேறு கதை. இணையவழி தரவு பரிமாறும் கர்ல் மென்பொருள் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே இதைப் பற்றி எழுதினார்: அறிக்கை பார்வைக்கு நன்றாக இருப்பதால், குப்பை என்று ஒதுக்கவே கூடுதல் நேரம் பிடிக்கிறதாம். இதைப் 'புனைவழு' என்பேன்.

மூன்றாவது, தெரிந்தே விட்டது. சி மொழியின் ஸ்விட்ச் கட்டளையில் ஒரு கேஸின் முடிவில் பிரேக் போடாமல் அடுத்ததற்குள் இறங்க விடுகிறோம். அங்கே குறிப்பு ஒன்று எழுதிவிட்டால் 2017-இல் வந்த ஜிசிசி 7 தொகுப்பி (கம்பைலர்) எச்சரிக்காது. நம் இலக்கணத்தில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: வழுவமைதி, அதாவது காரணம் கருதி வழுவை ஏற்றுக்கொள்வது.

---

> வழுவமைதி

நீங்கள் சொன்ன முதல் இரண்டு சொற்களும் சரி. இதில் மட்டும் உடன்பாடில்லை. மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணைவழுதான். காரணம் கருதி அமைத்துக்கொள்கிறோம். பிரேக் விட்டது வழுவே இல்லையே, மொழி அனுமதிக்கும் வழக்கம்தானே? அதுவும் பொய் வழுவில் அடங்கும்.

எக்செலைப் பாருங்கள். 1900 லீப் ஆண்டு அல்ல; ஆனாலும் அது பிப்ரவரி 29, 1900-ஐ ஏற்கும். முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3-இன் கோப்புகளோடு ஒத்துப்போக வைத்த கணக்கு. இப்போது திருத்தினால் இருக்கிற தாள்களில் தேதிகள் நகர்ந்துவிடும். தப்புதான், தெரியும், கை வைக்க மாட்டோம். வழுவமைதி என்றால் இதுதான்.

கருவி இதைச் சுட்டினால் அது பொய் வழு ஆகாது, சொன்னது உண்மை. ஆகவே வழுப் பதிவேட்டில் 'திருத்தப் போவதில்லை' என்று மூடும் நிலைக்கு இந்தச் சொல்லை வைக்கலாம். எல்லாவற்றையும் அல்ல, காரணம் எழுதி மூடியவற்றை மட்டும். சோம்பலில் மூடியதெல்லாம் வெறும் வழு.

கருவி காணாமல் விட்டதற்குத் 'தவறிய வழு' என்று எழுதிவருகிறேன். மறுப்பு உண்டா?